நஹி அண்ணாச்சியின் காலி போன்

மும்பையிலேயே போனை அடக்கி ஆண்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் நஹி அண்ணாச்சி. விக்ரோலியில் நான் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக், வீடு தாராவி. எந்த ஆப் 'அனுமதிக்கவா?' என்று கேட்டாலும், இந்தியில் 'நஹி', முடியாது, என்று வாய்விட்டுச் சொல்லித்தான் பட்டனை அமுக்குவார். ஒருநாள் லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார வந்தவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து காட்கோபர் வரை நின்றுகொண்டே வந்தார்.

டார்ச் ஆப்புக்கு என் போட்டோ எதற்கு என்று சண்டைக்கு நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனோடு வந்த சிஸ்டத்தையே வழித்தெறிந்துவிட்டு, பல நாட்டு ஆட்கள் கூடி எழுதி இலவசமாக வைத்திருக்கும் வேறொன்றை ஏற்றினார். போன் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது என்று, சர்ச்சுக்குத் தவறாமல் போகும் அண்ணாச்சி பெருமையடித்துக்கொண்டார். அதன்பின் ஆப் வேண்டுமென்றால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்திலிருந்துதான் இறக்குவார்.

அப்போதுதான் கம்பெனி வருகைப்பதிவுக்கு ஒரு ஆப் கொண்டுவந்தது. போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் பார்க்க அது அனுமதி கேட்டது. கொடுக்காதவருக்கு வேலை இல்லை என்றார், மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழரான எங்கள் மேனேஜர். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கொடுத்தோம். அண்ணாச்சிக்குக் காலேஜில் இரண்டு மகள்கள். இந்த வேலை போனால் படிப்பும் போச்சு.

"என் நம்பரை நான் குடுப்பேன். உங்க வீட்டு நம்பரையெல்லாம் குடுக்க நான் யாருல?" என்றார் என்னிடம்.

மறுநாள் பார்த்தால் அவரும் ஆப்பை ஏற்றி, அனுமதியும் கொடுத்திருந்தார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, உங்க போன்ல ஒரு நம்பர்கூட இல்லையே?"

அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அண்ணாச்சியின் புது சிஸ்டம், சரி என்று தலையாட்டிவிட்டு அந்த ஆப்பிடம் காலி டப்பாவை நீட்டியிருந்தது. எங்கள் வீட்டு நம்பர்களை உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்த சங்கதி, மேனேஜர் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே எல்லோரும் ஆப்பை அழித்தோம். யாரை என்று வேலையை விட்டு அனுப்புவார்கள்? அடுத்த திங்கள்கிழமை பழைய ரிஜிஸ்டர் நோட்டு திரும்பி வந்தது.

இப்போது நான் செம்பூரில் வேறு வேலையில் இருக்கிறேன். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நஹி பேசுதேன். என் போன் மறுபடி செத்துட்டு, இது டீக்கடைக்காரர் போன். காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், உடம்பு எப்படில இருக்கு?"

என் நம்பர் என் பெண்டாட்டிக்கே மனப்பாடம் கிடையாது. அவருக்கு இருந்திருக்கிறது.