காந்தம் ஒட்டாத சட்டி

சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கினார் என்ற கெட்ட பெயர் இல்லாமல் ஐம்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த மனிதர், நான் அறிந்தவரை, காந்தம் அண்ணன் ஒருவர்தான். பிறந்த அன்று மருத்துவச்சி கேட்ட கூலியில் பாதியைக் குறைத்த பிறகுதான் முதல் அழுகையையே ஆரம்பித்தார் என்று எங்கள் கம்பெனியில் ஒரு வரலாறு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. "பாதி இல்ல, முக்கால்வாசி" என்று திருத்துவார், அவ்வளவுதான்.

மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரக் கம்பெனி. நான் உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவன். அவர் வெளியே, லாரி எடை போடுகிற மேடையில். தகரக் கூரை போட்ட அறை, ஒரு ஸ்டூல், ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் உப்புக் குவியல்கள். இடுப்புச் சாவிக்கொத்தில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று தொங்கும். எதைப் பார்த்தாலும் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அந்தச் சாமானின் கதை முடிந்தது.

"இரும்பு சார். நம்ம ஊர் காத்துக்கு ரெண்டு மழை தாங்காது. இரும்ப வாங்கறவன் துருவத்தான் வாங்கறான்."

பூட்டும் சைக்கிளும் ஜன்னல் கம்பியும் அப்பளம் மாதிரி உதிர்வதை முப்பது வருஷம் பார்த்தவரின் ஞானம் அது. ஞானத்துக்கு இடம் பொருள் தெரியாது என்பதுதான் தொல்லை. புதிதாக வந்த மேனேஜரின் தங்க மோதிரத்தில் ஒருநாள் காந்தத்தை வைத்துவிட்டார். ஒட்டியது. மேனேஜர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேட்டைக்குக் கிளம்புவார். கீழ்புத்துப்பட்டுப் பக்கம், ஈ.சி.ஆர். ஓரம், வெள்ளைக்காரர்களும் சென்னைக்காரர்களும் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவார்கள். காலி செய்கிறபோது தூக்கிப் போக முடியாததை எல்லாம் வாசலில் பாய் விரித்துப் பரப்பி, கேட்டில் 'சேல்' என்று எழுதிய ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். அந்த அட்டையை அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மோப்பம் பிடித்து மொபெட்டைத் திருப்புவார். பின்சீட்டில் நான். எதற்கு? இங்கிலீஷுக்கு.

"நீங்க படிச்சவரு. நான் சொல்றத அப்படியே எடுத்து உடுங்க சார், போதும்."

முதல் ரவுண்டு சும்மா பார்ப்பார். இரண்டாவது ரவுண்டில் திட்டுவார். மூன்றாவது ரவுண்டில் கேட் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி விலை கேட்பார். திட்டுகிற ரவுண்டில்தான் என் மானம் போகும்.

"இந்த மிக்சிய நாய்கூட மோந்து பாக்காதுன்னு சொல்லுங்க சார்."

எதிரே எழுபது வயதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கண்ணில் அத்தனை கனிவு. நான் அந்தம்மாவிடம், "இவருக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்வேன். விலை ஏறும். படித்தவனைக் கூட்டிப் போகிற நாளில் மட்டும் விலை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்பது அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு வாசல் முழுக்கக் கட்டில், பீரோ, நாற்காலி. அட்டையைக் காணோம். "காத்துல பறந்திருக்கும்" என்றார் அண்ணன். நான் அங்கிருந்த பிரம்பு நாற்காலியில் களைப்பாக உட்கார்ந்தேன். அவருக்கு அந்த நாற்காலிமேல் கண். பிரம்பில் காந்தம் ஒட்டாதே.

"இது விக்கறதுக்கு இல்லீங்க" என்றார் அந்த வீட்டம்மா, தமிழிலேயே.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க" என்று அண்ணன் இரண்டாவது ரவுண்டுக்குப் போனார். பிரம்பில் பூச்சி, காலில் ஆட்டம், முதுகில் சாய்வு சரியில்லை. அரை மணி நேரத்தில் அந்தம்மாவுக்கே தன் நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. நூற்றைம்பதுக்குக் கொடுத்துவிட்டார். மொபெட்டில் ஏற்றிக் கட்டும்போது கார் ஒன்று வந்து நின்று, கணவர் இறங்கினார்.

"யாருய்யா நீங்க? எங்க சேர எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

அவர்கள் காலி செய்கிறவர்கள் இல்லை. அன்று காலைதான் குடிவந்தவர்கள். சாமான் இறக்கிய லாரி அப்போதுதான் போயிருந்தது. நான் சவுக்கு மரத்தின் பின்னால் மறைந்துகொண்டேன்; சவுக்கு மரம் என் உடம்புக்குப் போதாது. அண்ணன் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார், பணத்தை வாங்கினார், ஏற்றிக் கட்டிய கூலி என்று இருபது ரூபாய் கூடுதலாகவும் வாங்கினார்.

இத்தனை பேரம் பேசுகிறவருக்கு ஒரே ஒரு விரதம் இருந்தது. பேர் வெட்டிய பாத்திரத்தைத் தொட மாட்டார். "அது யாரோ யாருக்கோ ஆசையா குடுத்தது சார். அது சேலுக்கு வந்திருக்குன்னா, அங்க மனசு ஒன்னு நசுங்கியிருக்குது. அத நம்ம வீட்டுக்கு எதுக்குத் தூக்கினு வரணும்?"

போன வருஷம் நான் வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு முதலாளி வந்திருந்தார். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி, ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைப் பித்தளை என்று சொல்லிக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார். வீடியோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் காந்தம் அண்ணன் நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலத்தோடு நுழைந்தார்.

உள்ளே ஒரு செம்புச் சட்டி. அதற்கு ஒரு தாங்கி, அடியில் உள்ளங்கை அகலத்தில் ஸ்பிரிட் அடுப்பு, கூடவே ஆறு நீளக் கம்பிகள், நுனியில் முள். வெள்ளைக்காரர்கள் சீஸை உருக்கி ரொட்டி தோய்த்துத் தின்கிற சமாசாரம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"பிரெஞ்சுக்காரம்மா ஆயிரத்தி ஐந்நூறு சொன்னாங்க!" என்று அண்ணன் கூடத்துக்கே அறிவித்தார். "ஒத்தக் கால்ல நின்னு நானூத்தம்பதுல முடிச்சேன். சுத்த செம்பு. பாருங்க, ஒட்டுதா?" காந்தம் ஒட்டவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைப்பழக்கம், அடுத்ததாகக் குத்துவிளக்குக்குப் போனது.

டக்.

அந்தச் சத்தம் வீடியோவில் இப்போதும் தெளிவாகக் கேட்கிறது. சம்பந்தியின் முகமும் தெளிவாகத் தெரிகிறது.

நான் அண்ணனைத் தோளில் கை போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனேன். "அண்ணா, நீங்க கடைசிப் பந்தியில நிதானமா சாப்பிடுங்க" என்று ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். சம்பந்தி கிளம்புகிற வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார், பாயசம் காலியான பிறகு சாப்பிட்டார், "கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டி பரணுக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, என் மனைவியோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர், பெருமுக்கல் தாண்டி ஏதோ கிராமத்து மாதா கோயிலின் கூரையைச் சரிபண்ண, பழைய சாமான் விற்பனை நடத்தப்போவதாகச் சொல்லி, இருப்பதைக் கேட்டார். "அந்தச் சட்டி வேணாங்க, பாவம் அந்த அண்ணா" என்றாள் மனைவி. நான்தான் மூட்டையில் போட்டேன். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் காந்தமும் இழுக்காது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மொபெட் சத்தம். "சார், பெருமுக்கல் தாண்டி மாதா கோயில்ல சேல். இங்கிலீஷ் வேணாம். சும்மா துணைக்கு வாங்க."

"எனக்கு வயித்து வலிண்ணா."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "இப்பதான ஒன்பது இட்லி உள்ள போச்சு?"

போனேன். அவருக்கு முன்னால் ஓடிப்போய் நானே வாங்கி ஒளித்துவிடலாம் என்ற திட்டத்தோடுதான் போனேன். சட்டி முதல் மேஜையிலேயே, ஒரு ஓட்டைக் குக்கருக்கும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் நடுவில் இருந்தது. பக்கத்திலிருந்த பெட்ஷீட்டை எடுத்து அதன்மேல் போட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா பெட்ஷீட்டை நீக்கி, சட்டியை ஊருக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"நல்ல செம்பு சார்! தூசிதான். எடுத்துனு போங்க!"

அண்ணன் வந்தார். ரவுண்டு எதுவும் போடவில்லை. காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. பிறகு மெதுவாகச் சட்டியைக் கவிழ்த்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். அங்கே பேர் வெட்டியிருந்தது. ஆறு மாதம் என் வீட்டில் இருந்த சட்டியை நான் ஒருமுறைகூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அவர் உதடு அசைய, முழுசாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எவ்ளோம்மா?"

"முந்நூறுண்ணே."

மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அந்தம்மாவே பதறிவிட்டார். "எரநூத்தம்பது குடுங்கண்ணே, போதும்."

"வேணாம்மா. முந்நூறே இருக்கட்டும்."

சட்டியை வண்டியின் முன்னால் கட்டினார். ஆறு கம்பிகளையும் என் கையில் கொடுத்து, "புடிங்க சார்" என்றார். மரக்காணம் வரை அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் இரண்டு வீட்டு கேட்டில் அட்டை தொங்கியது. வண்டி நிற்கவில்லை. என் வீட்டு வாசலில் கம்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை எடைமேடைக்குப் போனேன். உள்ளே நுழையத் தைரியம் இல்லை. அறையைச் சுற்றி வந்தேன். மறுபடியும், மறுபடியும் சுற்றினேன்.

"மூணு ரவுண்டு ஆயிடுச்சு சார், உள்ள வாங்க" என்று குரல் வந்தது.

குட்டி அடுப்பின்மேல் சட்டி பளபளவென்று இருந்தது. அதில் டீ சூடாகிக்கொண்டிருந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினார். காலிச் சட்டியைத் துணியால் பிடித்துக் கவிழ்த்தேன். 'புதுமனை புகும் சார் குடும்பத்துக்கு அன்புடன்' என்று இருந்தது. அதன்கீழே ஒரு பெயர். நல்ல பெயர். யாருடையது என்று கேட்க வாயைத் திறந்தவன், அவருடையதுதான் என்று தெரிந்து, மூடிக்கொண்டேன். ஒன்பது வருஷம் அவர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

"அண்ணா, அத மூட்டையில போட்டது நான்தான். அவ இல்ல."

"தெரியும் சார். அம்மா போட்டிருந்தா தொடைச்சில்ல போட்டிருப்பாங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எனக்கே திருப்பிக் குடுத்துடுங்கண்ணா. என்ன விலை சொன்னாலும் தர்றேன்."

"பேர் வெட்டின பாத்திரத்த விக்கக் கூடாது சார்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் எழுந்து, எடையைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குடுக்கலாம்" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒன்னு சார். நான் சொன்ன வெலையைக் குடுத்து வாங்கினேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. முப்பது வருஷப் பேரு."

எங்கள் கம்பெனியில் யாரும் வாரப்பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு சட்டியின் அடியில் இருக்கிறது. தினமும் நான்தான் துடைக்கிறேன்.