ஆறு ஜாடி நீலம்

குழாயடியில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. கலர் மாஸ்டர் அவசரமாகக் குழாயை மூடிவிட்டு, கையில் இருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. அதுதான் பிரச்சினை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அது நீல ஜாடி.

இருபத்திரண்டு வருஷமாக பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர் அவர். விளிம்பில் காய்ந்த சொட்டோடு எதைப் பார்த்தாலும் கை தானாகக் கழுவப் போய்விடும். மனைவி செய்து வைத்திருந்த ஆறு ஜாடிகளில் ஒன்றின் வாயில் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. வார விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்த கை, சும்மா இருக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, தண்ணி நீலமா போகுது?" என்றார் மாமியார். கூடத்தில் கம்பளி நூலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் சமையலறைக் குழாய் நேராகத் தெரியும்.

"ஒண்ணும் இல்ல அத்தை, சும்மா கழுவினேன்."

"சும்மா கழுவினா சும்மா தண்ணிதானே போகணும்?"

மாஸ்டர் ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மனைவி வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகிறது. முதல் மாதம் வேலை தேடினாள். இரண்டாவது மாதம் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாலாவது மாதம் அக்கம்பக்கத்தில் காலி ஜாடிகளைச் சேகரித்தாள். வெள்ளைப் பசையில் கேக்குக்குப் போடும் நீலக் கலரைக் கலந்து, ஜாடிக்குள் ஊற்றி, சுழற்றி, கவிழ்த்துக் காயவைத்தாள். சாம்பிளுக்கு ஒரு ஜாடி வாங்கிப் போயிருந்த, ஓட்டல் நடத்தும் ஒரு அம்மா இன்றைக்கு நாலு மணிக்கு வந்து ஆறையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் ஓட்டலில் அழகுக்கு மேஜைக்கு ஒன்றாக நாற்பது ஜாடி. அவரைக் கூட்டிவரத்தான் காலையிலேயே கிளம்பினாள், வழியில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலோடு. செருப்பை மாட்டும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மாஸ்டர் அப்போது நினைத்துக்கொண்டார்.

"ஒரு நீலம்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்புத் துண்டைக் கொண்டுவந்து இதே கலர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்ணாலேயே பார்த்துக் கலக்கிக் கொடுத்தவர் அவர்.

பசையை எடுத்தார். இரண்டு சொட்டு நீலம் விட்டார். மனைவியின் ஜாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாலில் நீலம் விட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. இன்னும் நாலு சொட்டு. போதவில்லை. பன்னிரண்டாவது சொட்டில் ஒருவழியாகத் திருப்தி வந்தது.

"அத்தை, இது அதே கலர்தானே?"

மாமியார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அதேதான் மாப்பிள்ளை. அச்சு அசல்."

வெயிலில் வைத்த அரைமணி நேரத்தில் பசை காய்ந்தது. ஈரத்தில் வெள்ளையாக இருக்கும் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெள்ளை மறைய, பன்னிரண்டு சொட்டு நீலம் மட்டும் தன்னந்தனியாக நின்றது. ஜாடி பேனா மை பாட்டிலாக மாறியிருந்தது. மாஸ்டர் வாழ்நாளில் கலக்கியதெல்லாம் சுவருக்கு. இந்தப் பசையின் குணம் அவருக்கு எப்படித் தெரியும்?

"இதுவும் அதே கலரா?" என்றார் மாமியார்.

"காஞ்சதும் கொஞ்சம் ஏறிடுச்சு அத்தை."

"கொஞ்சமா?"

அப்போதுதான் மாஸ்டருக்குத் தொழில் புத்தி வந்தது. ஒட்டுப் போட்டால் தெரியும், அடித்தால் சுவர் முழுக்க அடிக்க வேண்டும். தினம் பத்துப் பேருக்கு அவர் சொல்லும் யோசனை இது. ஆறும் ஒரே மாதிரி இருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மை பாட்டிலையும் மிச்சம் இருந்த ஐந்து நல்ல ஜாடிகளையும் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"மாப்பிள்ளை, நல்லா யோசிச்சீங்களா?"

"இது இருபத்திரண்டு வருஷ அனுபவம் அத்தை."

ஆறும் பளிச்சென்று ஆயின. இந்தத் தடவை சொட்டுக் கணக்கில் கவனமாக இருந்தார். பசைக் கணக்கில்தான் கோட்டை விட்டார். மூன்றாவது ஜாடியோடு பசை தீர்ந்தது. அந்த மூன்றில் ஊற்றியதை வழித்தெடுத்து, தண்ணீர் சேர்த்து ஆறுக்கும் பங்கு வைத்தார். நீலம் கோடு கோடாக வழிந்தது. தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக் காயவைத்தார். பசை கொப்புளம் போட்டது.

"அம்மை போட்டிருக்கு" என்றார் மாமியார், நூலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மணி ஒன்றரை. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற ஒரே நினைப்புதான். திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டாமல் மறுபடியும் வீட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டால்?

சட்டென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். சீக்கிரம் காயும் வார்னிஷும் பெயின்டுக்கு நிறம் ஏற்றும் நீல ஸ்டெய்னர் ஒரு பாட்டிலும் எடுத்துவந்தார். மறுபடி ஆறையும் கழுவி, துடைத்து, வார்னிஷில் நீலத்தைக் கலந்து ஊற்றிச் சுழற்றினார். கைக்குப் பழகிய சரக்கு, சொன்னபடி கேட்டது. மூன்றரைக்கெல்லாம் காய்ந்து மினுமினுத்தது. ஆனால் மனைவியுடையது அதிகாலை வானத்து நீலம். இது மாடிப்படிக் கைப்பிடிக்கு அடிக்கிற நீலம். போதாததற்கு வீடு முழுக்கப் புதுக் கதவு வாசனை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, விசிறியும் கையுமாக வீட்டைச் சுற்றி வந்தார்.

"யாராவது கேட்டா கதவுக்கு வார்னிஷ் அடிச்சோம்னு சொல்லிடுங்க அத்தை."

"எந்தக் கதவுக்குனு கேட்டா?"

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மனைவி ஓட்டல்கார அம்மாவோடு உள்ளே வந்தாள். வரும்போதே மூக்கைச் சுளித்தாள். மேஜையைப் பார்த்தாள். ஆறு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார்.

ஓட்டல்கார அம்மா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்ததிலிருந்தே ஏதோ சொல்லத் தயங்குகிறவர் போல இருந்தார். ஒரு ஜாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மனைவி டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. தண்ணீரை ஜாடிக்குள் ஊற்றினார்.

"ஐயையோ!" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியும், பசையில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று.

அவர் ஜாடியைச் சுழற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தண்ணீரைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் கவிழ்த்தார். கைக்குட்டை நனைந்தது. வெள்ளையாகவே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நாற்பதும் இதே மாதிரி வருமாம்மா?"

மனைவி திருதிருவென விழித்தாள். இதை எப்படிச் செய்வது என்று அவளுக்கு எங்கே தெரியும்? மாஸ்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. இது அவ செஞ்சது இல்ல. அவ செஞ்சதை நான் கழுவிக் கெடுத்துட்டேன். காலையிலேர்ந்து தப்புக்கு மேல தப்பு. அவளோடது எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? இந்த ஆறையும் மறந்துடுங்க. ரெண்டே ரெண்டு நாள் குடுங்க, முன்னாடி செஞ்ச மாதிரியே நாற்பதும் அவ கையாலயே செஞ்சு தருவா."

ஓட்டல்கார அம்மா ஜாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாங்க! உங்க வீட்டம்மா சாம்பிளுக்குக் குடுத்ததுல தண்ணி ஊத்திப் பூ வெச்சேன், சாப்பிட வந்தவர் சட்டையெல்லாம் நீலம். ஜாடியே வேண்டாம்னு நேர்ல பக்குவமா சொல்லிட்டுப் போகத்தான் நான் இன்னிக்கு வந்ததே!"