முரசறைந்த ஒளிவிடம்

வரைபடத்தில் தேடினால் கிடைக்காத கொன்றைநாட்டில், முரசறைந்து சொன்னால்தான் எந்த ஆணையும் செல்லும். அரசருக்கு ஜலதோஷம் விட்டாலும் முரசுதான். ஒளிவுமறைவில்லாத ஆட்சி என்று அவர்களுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அந்த நாட்டு அரண்மனை நெசவுக்கூடத்தில் வேலை பார்த்தவள் பூங்காவனம். புருஷன் வீரபாகு வீட்டில் அடிப்பான். வேலைக்குப் புறப்பட்டால் பின்னாலேயே வந்து வாசலில் நிற்பான். இப்படிப் பலர் அவதிப்படுவதைக் கேட்டு அரசர் மனமிரங்கி ஒரு சட்டம் போட்டார். வீட்டில் அடிபடும் பெண்கள் பத்து நாள் விடுப்பெடுத்துப் பத்திரமான இடத்தில் ஒளிந்துகொள்ளலாம், வேலை போகாது. நல்ல சட்டம்தான், குறை சொல்லக்கூடாது.

முதல் ஆளாகப் பூங்காவனம் மனுக் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் தெருவிலேயே முரசு முழங்கியது.

"ஊரார் கேளுங்கள்! நெசவுக்கூடத்துப் பூங்காவனம், தன் புருஷனுக்குத் தெரியாமல், தெற்குக்கோட்டையில் கிணற்றை ஒட்டிய அக்காள் வீட்டில் பத்து நாள் ஒளிந்திருப்பாள்!"

அவள் போய்ச் சேர்ந்தபோது, வீரபாகு அங்கே மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவளுக்குக் கை உடைந்தது.

பாவம், கட்டுப்போட்ட கையோடு விடுப்பு மந்திரி நன்னெறியாரிடம் போய் அழுதாள். மந்திரி மிகவும் வருந்தினார். இனி இத்தகைய அறிவிப்புகளை மெதுவாக முரசறைய வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார். எவ்வளவு மெதுவாக என்று முடிவுசெய்ய ஏழு பேர் குழு உட்கார்ந்தது. ஒளிவிடத்தை மாற்றினால் மறுபடி முரசறைய வேண்டும் என்று குழு கூடுதலாக ஒரு விதியும் சேர்த்தது. அவள் மூன்று இடம் மாறினாள். மூன்று இடத்துக்கும் அவன் வந்தான்.

அடுத்த மனுவில் ஒளிவிடம் என்ற கட்டத்தில், அரசர் பள்ளியறைக்கு அடுத்த அறை என்று எழுதினாள். காவலர்கள் இருக்கும் இடமாச்சே என்று நினைத்தாள். அந்த நாட்டில் கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. படிக்கிறவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரமில்லை. மனு அனுமதிக்கப்பட்டது. முரசும் மெதுவாக ஒலித்தது.

நடுப்பகலில் வீரபாகு உலக்கையோடு வந்தான். முரசே சொன்ன இடம்தானே என்று காவலர்கள் வழிகூடக் காட்டினார்கள். அவன் ஒரு கதவு தவறி, பள்ளியறைக் கதவை உடைத்துவிட்டான். அரசர் கட்டிலுக்கடியில் போய்விட்டார். அவர் போட்ட கூச்சலில் காவலர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள். குடும்பச் சண்டை என்று எழுதிக்கொண்டு, கோட்டைவாசலில் கொண்டுபோய் விட்டார்கள்.

அரை நாழிகையில் புது ஆணை பிறந்தது. அரசர் வேறிடம் செல்கிறார். அது எந்த இடம் என்று முரசறையக் கூடாது, மூச்சுவிட்டவன் நாக்கு அறுபடும்.

பூங்காவனம் மந்திரியின் முன் வந்து நின்றாள்.

"அய்யா, முரசடிக்காமலும் ஆணை செல்லும்போல. எனக்கும் அடிக்காம விடுங்களேன். அவன் வாசல்லதான் நிக்கிறான்."

நன்னெறியார் அவள் கைக்கட்டைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

"புரிந்துகொள் அம்மா," என்றார். "அது அரசரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."