பெட்டியரின் ஆசிரிய பீடம்

தன்னைப் பிடிக்க வரவில்லை என்று பொலிசாரோடு கோபித்துக்கொண்ட மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் நாளிதழின் பிரதம ஆசிரியர். ஊருக்குப் பெரியவர், எங்களுக்குப் பெட்டியர்.

எழுபதுகளின் கடைசி. அவசரகாலச் சட்டம் வந்ததும் எந்த நேரமும் தன்னைப் பிடிப்பார்களென்று ஒரு தோற்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்திரிகைக் கந்தோருக்கு வரத் தொடங்கினார். உள்ளே இரண்டு சாரம், ஒரு துவாய், பல்லுப்பொடி, திருநீற்றுப்பை, ஒரு போத்தல் மிளகாய்த்தூள். "மறியற்சாலைச் சாப்பாட்டுக்கு உறைப்புக் காணாதாம்" என்றார், கதிர்காம யாத்திரைக்குப் புறப்படுகிறவர் மாதிரி. காலையில் பெட்டி மேசைக்கடியில் போகும். பின்னேரம் உரும்பிராய் பஸ்ஸில் அவரோடு வீடு திரும்பும். மடிப்புக் கலையாத சாரங்களை மனைவி இடைக்கிடை எடுத்துத் தோய்த்து வைப்பாராம்.

ஒரு நாள் பக்கத்துத் தெரு வாரப் பத்திரிகையின் ஆசிரியரை ஜீப் வந்து ஏற்றிப் போனது. எங்கள் ஆள் அன்று ஒருவரோடும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பின்னேரம் என்னிடம் வந்தார்.

"உவர் என்னத்தை எழுதிக் கிழிச்சவரெண்டு உவரைக் கொண்டுபோறாங்கள்? எங்கடை பேப்பரை உவங்கள் வாசிக்கிறேல்லையோ?"

சிரித்தோம். சிரிக்க வேறு விஷயம் இருக்கவில்லை. நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் முன்பக்கத்தில் வெங்காய விலையும் தேர்த் திருவிழாவும் இருக்கும். 'அலைகடலெனத் திரண்ட' பக்தர்களைப் பெட்டியரே தன் கையால் எழுதிச் சேர்ப்பார். பிறகு அந்த இடத்துக்குச் சாவு வந்தது. கொடூரம், பயங்கரம் என்று நாங்கள் எழுதிக் கொடுப்பதையெல்லாம் வெட்டித் தள்ளினார்.

"பேர், ஊர், வயசு, நடந்தது. காணும். கொடூரமெண்டு வாசிக்கிற சனம் சொல்லட்டும்."

அந்த நாட்களில் ஒருமுறை கொழும்புத்துறைக் கரையில் ஒரு பொடியனின் பிரேதம் ஒதுங்கியது. கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. நீரில் மூழ்கிச் செத்தான் என்றது அரச அறிக்கை. எங்கள் நிருபர் சோதி சைக்கிளில் போய், பிரேதத்தைப் பார்த்து, தாயோடு கதைத்துவிட்டு வந்து, நெஞ்சில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததென்று எழுதினான். சோதிக்குக் கலியாணமாகி ஒரு வருஷம், மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பெட்டியர் ஒரு சொல்லையும் வெட்டாமல் முன்பக்கத்தில் போட்டார். நிருபரின் பேரைப் போடவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் பேப்பரைப் பெட்டியரின் மேசையில் போட்டார்.

"இதை எழுதினது ஆர்?"

"நான்."

"கரைக்குப் போய்ப் பாத்தது?"

"அதுவும் நான்தான்."

"எதிலை போனீர்?"

"சைக்கிளிலை."

பெட்டியருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதென்பது கந்தோருக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிறவருக்கும் தெரியும். சோதி எழும்பினான்.

"ஐயா, அது..."

"இரும் காணும்" என்றார் பெட்டியர். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "இவருக்குத் திருவிழாச் செய்தியே பிழையில்லாமல் எழுத வராது. நல்லதொண்டு வந்தவுடனை தன்ரையெண்டு சொல்லப் பாக்கிறார்."

நான் சோதியின் தோளைப் பிடித்து இருத்தினேன். பெட்டியரைக் கொண்டுபோனார்கள். ஜீப்பின் சத்தம் மறைந்த பிறகுதான் கண்டோம், அவ்வளவு காலமும் சுமந்த பெட்டி மேசைக்கடியிலேயே கிடக்கிறது.

நான் அதைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்ற ஒருவர் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துத் தும்மினார். மற்றவர்கள் சிரித்தார்கள். உடுப்பு வேண்டாமென்று திருப்பித் தந்தார்கள். போத்தலை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள்.

மாதங்கள் கழித்து, நரைத்த தாடியோடு ஒரு காலை நேரம் பெட்டியர் வந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கந்தோருக்கு. சோதி அவருடைய காலடியில் இருந்து அழுதான்.

"எழும்பும். என்ன பிள்ளை?"

"பெட்டை, ஐயா."

"நல்லது. இண்டைக்கு முன்பக்கத்துக்கு என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு அவர் சோற்றில் உறைப்புச் சேர்க்கவில்லை. பக்கத்துக் கடையில் மிளகாய் வறுக்கிற மணம் வந்தால் எழும்பிப் போய்விடுவார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இடது காது கேட்காமற் போனதையும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார்; அப்படித்தான் தெரிந்துகொண்டோம். அச்சுக்கோப்பவரிலிருந்து நிருபர்கள் வரை எல்லோரும் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் நின்று கதைக்கப் பழகினோம். அப்படியே அவர் இன்னும் சில வருஷம் பேப்பரை நடத்தினார்.

அவர் போய்ப் பல காலம். இப்போதும் ஆரோடு நடந்தாலும் என் கால்கள் தாமாக வலப்பக்கம் போய்விடுகின்றன. கூட வருகிறவர்கள் ஏனென்று கேட்பார்கள். பழக்கம் என்கிறேன்.