குதிரை லாயத்துக்கு மனையடி

சுருளியாண்டி அனுப்பிய வரைபடம் மேகமலையிலிருந்து திரும்பி வந்தபோது, மூலையில் சிவப்பு மையில் பத்துக்கு மூன்று என்று மார்க் போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "இது மாட்டுக் கொட்டம். நான் கேட்டது குதிரை லாயம்."

நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் ஃபெயில். சின்னமனூரில் மூன்று ஏக்கர் வாழையும் ஒரு ஏக்கர் திராட்சையும் வைத்து ஆளும் மனிதர், அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்று மூன்றாகவே இருந்தது.

"டீச்சர் என்னப்பா சொன்னாக?" என்று தாளைக் கொண்டுவந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் செல்வமணியிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலண்ணே. சிரிச்சாக."

"சிரிச்சாகளா!"

"தேவதானப்பட்டிக்காரரு ஒருத்தரும் படம் போட்டு அனுப்பியிருக்காரு. அவருக்கு அஞ்சு மார்க்கு."

சுருளியாண்டி அங்கேயே தாளை விரித்துப் பென்சிலைத் தேடினார். காரணம் இருக்கிறது. மேகமலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த தேவயானி டீச்சரிடம் ஒரு பெண் குதிரை உண்டு. பெயர் பவானி. பழைய மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது டீச்சர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. இந்தச் சித்திரையோடு டீச்சர் ரிட்டையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மதுரையில் தங்கச்சி வீடு இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது மாடி. குதிரை படியேறுமா? அதனால்தான், "விலை வேண்டாம், நல்ல இடம் இருந்தால் போதும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

தை மாதம் எஸ்டேட் கேண்டீனுக்கு வாழைத்தார் இறக்கப் போன சுருளியாண்டியின் கையிலிருந்து பவானி ஒரு சீப்பை முழுசாகத் தின்றுவிட்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அவ்வளவுதான், மனுசன் விழுந்துவிட்டார். கீழே இறங்கி வந்ததும் ஒரு காதுகுத்து வீட்டில், முந்நூறு பேர் பந்தியில் இருக்கும்போது, பெண்டாட்டியின் தம்பி நாகராஜிடம் வாயை விட்டார்.

"வீரபாண்டித் திருவிழாவுக்குக் குதிரையிலதாண்டா வருவேன்!"

"வரலைன்னா, மச்சான்?"

"மீசைய எடுத்துர்றேன்!"

சுருளியாண்டியின் மீசை சாதாரண மீசை இல்லை. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நாகராஜ் சவரக் கத்தியை இப்போதே தீட்டி வைத்திருப்பதாகக் கேள்வி.

டீச்சரின் அடுத்த கடிதம் தெளிவாக இருந்தது. குதிரை நிற்கும் அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. கூரை உயரம் பத்தடி. கதவு இரண்டு பாகமாகப் பிரிந்து, மேல் பாகம் தனியாகத் திறக்க வேண்டும்.

கொத்தனார் அய்யாத்துரை இதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பன்னெண்டடி ஆகாது."

"ஏன்?"

"மனையடி சாஸ்திரத்துல பன்னெண்டு அடி போட்டா செல்வம் அழியும். நான் கட்ட மாட்டேன்."

"குதிரைக்குக் கட்டுறதுக்கு என்னய்யா மனையடி?"

"குதிரைக்கு இல்லப்பா, கட்டடத்துக்கு. நெலை வச்சுக் கதவு போட்டா அது வீடு. உள்ள யாரு படுத்தா என்ன? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா அய்யாத்துரை கட்டுன மனைன்னு என்னையத்தான் பேசுவாக."

"அப்பப் பதினோரு அடி?"

"அது யோகமான அளவுதான். ஆனா டீச்சர் பன்னெண்டுக்குக் கொறையக் கூடாதுன்னுட்டாகளே. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு மூணும் ஆகாது. பதினாறு போட்டுருவோம். பதினாறுன்னா அமோகம்!"

அந்த அமோகத்தில் பெண்டாட்டி அக்கம்மாளின் துவைகல் போயிற்று. முருங்கை மரம் போயிற்று. துணி காயப்போடும் கொடி அன்று முதல் காற்றில் இடம் தேடியது. அக்கம்மாள் ஈரச் சேலையைத் தோளில் போட்டபடி புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒரு குளியலறை கட்டுங்கன்னு இருபத்திரெண்டு வருஷமாக் கேக்குறேன். வராத குதிரைக்குப் பதினாறுக்குப் பதினாறா?"

"வந்துரும்த்தா."

"குதிரை வருதோ இல்லையோ, எங்க அப்பன் வீட்டுக்கு நான் போயிருவேன்."

நிலை வைக்கிற அன்று அவளே மஞ்சள் குங்குமம் வைத்தாள் என்பது வேறு விஷயம். நல்ல காரியத்தில் கோபத்தைக் காட்டக் கூடாதாம்.

திருத்தி அனுப்பிய படத்துக்கு ஆறு மார்க் வந்தது. கூடவே அடுத்த கடிதம். பவானி மலைக்குளிரில் வளர்ந்தது, சின்னமனூர் வெயில் தாங்காது, அதனால் மின்விசிறி அவசியம். மலையைப் பார்த்தே பழகியது, மலை தெரியாவிட்டால் தீனி எடுக்காது, அதனால் தெற்கே பெரிய ஜன்னல்.

புது ஃபேன் வாங்கத் தேனிக்குப் போக நேரமில்லை. சுருளியாண்டி வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி லாயத்தில் மாட்டினார். தெற்கு ஜன்னலைத் திறந்ததும் வாழைத் தோட்டத்துக்கு மேலே மேகமலை நீலமாக எழுந்து நின்றது. சாப்பிட்ட கையோடு அக்கம்மாள் முந்தானையை விரித்துக் குதிரை அறையில் படுத்துவிட்டாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

"குதிரை வந்தா எழுப்புங்க."

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகராஜ், இரண்டு நாள் கழித்து, "மச்சான், கதவு தாங்குமா? சோதிச்சுப் பாத்தீகளா? எங்க மயிலைய விட்டுப் பாப்போம்" என்றான்.

மயிலை அவனுடைய பந்தயக் காளை. சுருளியாண்டி யோசிக்காமல் தலையாட்டினார். அதுதான் தப்பு. காளை உள்ளே போனது, சுற்றிப் பார்த்தது, ஃபேனுக்கு அடியில் படுத்தது. கதவின் இரண்டு பாகத்தையும் திறந்து வைத்துக் கூப்பிட்டால், மலையைப் பார்த்து அசை போட்டது. பருத்திக்கொட்டை காட்டினார்கள். வாலை முறுக்கினார்கள். சாயந்தரம் மின்சாரம் போகும்வரை அது எழுந்திருக்கவில்லை. மறுநாள் தோட்டத்துக் கட்டுத்தறியில் கயிற்றை அறுத்துக்கொண்டு தானாகவே திரும்பி வந்து கதவை முட்டியது.

"என் மாட்டக் கெடுத்துட்டீகளே மச்சான்! இனி இது பந்தயத்துல ஓடுமா?" என்று நாகராஜ் தலையில் கை வைத்தான். மூன்று மார்க் வாங்கிய பிறகு சுருளியாண்டி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் செல்வமணி ஜீப்பை நிறுத்தினான். ஏழு மார்க். தேவதானப்பட்டிக்காரருக்கு ஏழரை!

"என்னதான்ப்பா கொறை?"

"துணையாம்ண்ணே. குதிரை தனியா இருந்தா ஏங்கிப்போயிருமாம். பக்கத்துலயே இன்னொரு ரூம்பு வேணுமாம். அதுலயும் ஃபேனு, ஜன்னலு. மருந்து அரைக்க இடுப்பு ஒசரத்துல ஒரு கடப்பாக் கல்லு. வாளித் தண்ணி ஆகாதாம், உள்ளயே கொழாய். தண்ணி போகச் சாக்கடை."

"துணைக்கு என்னத்தக் கட்டுறது?"

அய்யாத்துரைக்கு விஷயம் தெரிந்திருந்தது. "ஆடு கட்டுவாக. குதிரைக்கும் ஆட்டுக்கும் நல்லா ஒத்துப்போகும்."

"ஆட்டுக்கு ஃபேனா?" என்றாள் அக்கம்மாள். "ஆட்டுக்குக் கொழாயா? ஏன், பல்லு வெளக்கவா?"

ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்கள். இரண்டாவது அறைக்கும் அய்யாத்துரை பதினாறு அடியே போட்டார். ஆட்டுக்கு மட்டும் செல்வம் அழியலாமா என்று கேட்டார். இந்த முறை அடுப்படிச் சுவர் போயிற்று. அக்கம்மாள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தாள். சாம்பாரில் திராட்சை இலை விழுந்தது. ருசியாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல சுருளியாண்டிக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாகக் குதிரை உலாத்தும் திடல். முள்கம்பி கூடாது, குதிரையின் தோல் கிழியும் என்று கடிதம் சொன்னது. சுருளியாண்டி கம்பியை உருவிவிட்டுச் சவுக்குக் கட்டை நட்டார். கட்டைக்கு நடுவில் ஊரிலுள்ள ஆடுகள் நுழைந்து, போட்டிருந்த அருகம்புல்லை இரண்டே நாளில் வழித்துவிட்டன. கட்டையை நெருக்கி நட்டார். திடலைச் சுற்றி மணல் விரித்து நடைபாதை போட்டார். வேப்பமரத்தடியில், குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர் உட்கார ஒரு சிமெண்டு பெஞ்சும் போட்டார்.

"பெஞ்சுல சாய்மானம் வேணுமாம்ண்ணே" என்றான் செல்வமணி.

சாய்மானமும் வைத்தார். திருவிழாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. கண்ணாடி முன்னால் நின்று, மேல் உதட்டைக் கையால் மறைத்துப் பார்த்துக்கொண்டார். தாங்க முடியவில்லை. உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அக்கம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் வரும். எந்திரிங்க. தேவதானப்பட்டிக்காரனாவது, இம்புட்டுக் கட்டிருப்பானாவது!"

மறுநாள் காலை பத்து மணிக்கு, தேயிலை மூட்டை ஏற்றுகிற எஸ்டேட் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவன் செல்வமணி. பின்னால், வைக்கோலுக்கு நடுவில், நெற்றியில் வெள்ளைக் கோடு விழுந்த செம்பழுப்புத் தலை ஒன்று ஊரைப் பார்த்துக் கனைத்தது.

தெருவே கூடிவிட்டது. அக்கம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடினாள். பவானி பலகையில் இறங்கி, கூட்டத்தில் நேராகச் சுருளியாண்டியிடம் வந்து, அவர் தோளில் தலையைச் சாய்த்தது. மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார், சிரித்தார், மீசையை முறுக்கினார். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ததால் எது எதென்று யாருக்கும் தெரியவில்லை. நாகராஜ் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான்.

லாரியின் முன்சீட்டிலிருந்து தேவயானி டீச்சர் இறங்கினார். வெள்ளைச் சேலை, கையில் சிவப்புப் பேனா. இரண்டு அறைக்குள்ளும் போனார். ஃபேனைப் போட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கடப்பாக் கல்லைத் தடவினார். ஜன்னலில் நின்று மலையை வெகுநேரம் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து சாய்ந்தார். பிறகு சுருளியாண்டியைக் கூப்பிட்டு, அவர் கையிலிருந்த படத்தை வாங்கி, பத்துக்குப் பத்து என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்.

சுருளியாண்டி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் விசிலடித்தது. ஆனால் பவானியோ லாயத்து வாசலை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டது. வெல்லம் காட்டினார், வாழைப்பழம் காட்டினார். தின்றதே தவிர உள்ளே வரவில்லை.

"செல்வமணி, உள்ள போக மாட்டேங்குதேப்பா!" என்று பதறினார்.

லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியையும், ஒரு கட்டிலையும், கேஸ் அடுப்பையும் இறக்கிக்கொண்டிருந்த செல்வமணி வியர்வையைத் துடைத்தான்.

"அது எங்கண்ணே உள்ள போகும்? இத்தன வருஷமா அங்கன பலாமரத்தடியிலதான நிக்கிது... அத விடுங்க, டீச்சர் கட்டில எந்த ரூம்புல போடட்டும்?"