ஐந்து சாட்சி, ஒரே வாய்

எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்காத ஆள் நான். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் பார்த்ததும் மூடிவிடுவேன். அடியில் முகூர்த்த நேரம் மாறியதாகச் சீட்டு ஒட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது, போய்ச் சேரும்போது பந்தியே முடிந்திருக்கும். இதனால் இதுவரை எனக்குப் போனது சாப்பாடு மட்டும்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே பழக்கத்தால் ஒரு மனிதரின் பதினோரு வருட உழைப்பையே ஒரு காலைப்பொழுதில் காணாமல் போக்கப் பார்த்தேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் எனக்கு வேலை. சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டைப் பராமரிக்க அறுபது ஆட்களை அனுப்புகிறோம். கீழே மளிகைக்கடை, மேலே நாங்கள். ஆட்களைப் பற்றிய தகவல் மட்டும் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். மெயில், அலுவலக சாட் குரூப், எல்லோரும் கை வைக்கிற ஒரு ஷீட், விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின், அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ் கொடுத்து வாங்குவதற்கென்றே தனியாக ஒரு சாஃப்ட்வேர். ஒருவர் எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று யாராவது கேட்டால் ஐந்து கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மேனேஜர் சாந்தகுமார் சார், இந்த ஐந்திலும் ஒரே மூச்சில் தேடிச் சொல்கிற ஏஐ உதவியாளர் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் கேட்பேன், அது சொல்லும், அதை என் மூளையிலேயே உதித்தது மாதிரி மற்றவர்களிடம் சொல்வேன். (பந்தா என்றால் அப்படி ஒரு பந்தா.) ஒரே வாரத்தில், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் மணி கேட்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் ஒரு காலையில் சுரங்கத்தின் பெரிய அலுவலகத்திலிருந்து அந்த மெயில் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவர்களின் பட்டியலை அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும், பர்மனென்ட் ஆக்குவதற்கு அதிலிருந்துதான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன எடை என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். குவார்ட்டர்ஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெண்ணுக்கு மாப்பிள்ளை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

பெரிய அலுவலகம் ஒரு பகல் முழுக்க அவகாசம் கொடுத்த வேலையை நான் இருபது நிமிடத்தில் முடித்தேன். உதவியாளர் பதினான்கு பெயர்களைக் கொடுத்தது. கீழே விலக்கப்பட்டவர்கள் என்று ஒரு பகுதி, ஒவ்வொருவருக்கும் காரணம், ஆதாரம். அதற்கும் கீழே ஏதோ குறிப்பு இருந்தது. அந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பதினோரு மணிக்கு, டீ நேரத்தில், சுரங்க கேட் பக்கத்து ஷெட்டில் எல்லோர் முன்னாலும் பட்டியலை வாசித்தேன். மெயில் அனுப்பினால் போதும் என்று சார் சொல்லியும் கேட்கவில்லை. நல்ல செய்தியை என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. வாசித்து முடித்ததும் தனபால் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். முதல் பஸ்ஸில் வருபவர், அதிர்ந்து பேசாதவர், பெல்ட் வேலையில் எல்லோருக்கும் மூத்தவர். அடுத்த முறை பட்டியல் போடும்போது அவருக்கு வயது தாண்டியிருக்கும்.

"என் பேரு இல்லியேம்மா."

நான் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். நடுவில் ஒரு ஐப்பசி மாதம் நீங்கள் வேலையை விட்டு நின்றிருக்கிறீர்கள், அப்புறம் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அதனால் உங்கள் சர்வீஸ் மூன்று வருடம்தான் என்று விளக்கினேன். ஐந்து இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது அண்ணே என்று ஒவ்வொன்றாகத் தொட்டும் காட்டினேன். அவ்வளவு பொறுமையாக நான் என் மகளுக்குக் கணக்குகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அந்த ஐப்பசி பூரா நான் பம்புல நின்னுக்கினு இருந்தேன்ம்மா. முட்டிக்கால் தண்ணியில."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறினால் பெல்ட் ஆட்களைப் பம்புக்குக் கடனாக அனுப்புவது இங்கே வழக்கம். போனவர் அந்த மாதம் எங்கள் மெஷினில் விரல் வைக்க மாட்டார், பம்பு ஷெட் நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஒரு மழைக்காலம் பார்த்த யாருக்கும் இது தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில் வந்த ஐப்பசி அது.

அப்போதும் நான் விடவில்லை. ஐந்து இடம் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்று, கூட வந்திருந்த சாரைப் பார்த்தேன். சார் சாவகாசமாக, "முதல்ல யார் சொன்னதுன்னு அதையே கேளுங்க" என்றார்.

கேட்டேன். பதில் உடனே வந்தது. ஐந்து பதிவுகளுக்கும் மூலம் ஒரே ஒரு சாட் செய்திதான், மற்ற நான்கும் அதைப் பார்த்து எழுதியவை, இதை முதல் பதிலின் கடைசிக் குறிப்பிலேயே சொல்லி, சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்யும்படி எழுதியிருந்ததாகச் சொன்னது. கீழே அந்தச் செய்தியும் வந்து நின்றது. எழுதியவர் பெயர் கலைச்செல்வி.

கலைச்செல்வி நான்தான்.

"தனபால்னு ஒருத்தர் ரொம்ப நாளா மெஷின்ல வரலை சார். வேலைய விட்டு நின்னுட்டாருன்னு நினைக்கிறேன். கேன்டீன்ல இன்னைக்கு வடை உண்டா?"

சார் அதைச் சத்தமாகவே படித்தார், வடை உட்பட. என் "நினைக்கிறேன்" மெயிலுக்குப் போனபோது உதிர்ந்துவிட்டது. ஷீட்டில் "நின்றுவிட்டார்" ஆகிவிட்டது. மெஷினில் பெயரை நிறுத்தி வைத்து, திரும்பி வந்ததும் புது ஆளாக ஏற்றியிருக்கிறார்கள். பூட்ஸைத் திருப்பி வாங்கும்படி ஒரு புகாரும் பதிவாகியிருந்தது. தண்ணீரில் நின்றவர் காலில் அந்த பூட்ஸ்தான் இருந்திருக்கும். நாலைந்து பேர் சிரித்தார்கள். தனபால் அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பெரிய சைஸ் ஹெல்மெட் கண்ணை மறைக்க, அண்ணன் வழிகாட்ட, பம்பு ஷெட்டுக்குப் போனோம். எந்த சாஃப்ட்வேருக்கும் எட்டாத ஓர் இரும்புப் பெட்டியில் அந்த நோட்டு இருந்தது. ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. ஐப்பசி முழுக்க, ஒரு நாள்கூட விடாமல், கோணல் மாணலாக அவர் கையெழுத்து. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நோட்டைக் கடைசி வரி வரை படித்தேன். படிக்கப் படிக்கக் கண் கலங்கியது, ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினைந்து பெயர்களோடு பட்டியல் போனது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த மெஷின் என்னாம்மா பண்ணும்? நாமதான் கேக்கணும்" என்றார். என்னைத் திட்டாமல் "நாம" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டதை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த வருடம் அவர் பர்மனென்ட் ஆனார். இப்போது டவுன்ஷிப்பில் என் கணவரின் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த பிளாக்.

உதவியாளரை இன்றும் தினமும் கேட்கிறேன். கடைசிக் குறிப்பை இரண்டு முறை படிக்கிறேன், அப்புறம் எழுந்துபோய் ஆளையும் கேட்கிறேன். வீட்டில்தான் நிம்மதி இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்றால், எத்தனை இடத்தில் பார்த்தாய் என்பார் கணவர். மகள் டியூஷனுக்குக் கிளம்பும்போது, "போய்ட்டு வரேன்மா, வீட்ட விட்டு போய்ட்டேன்னு குரூப்ல போட்றாத" என்பாள்.

தனபால் அண்ணன் இப்போது எங்கள் ஆள் இல்லை, அவர் வருகையை நான் எழுத வேண்டியதும் இல்லை. இருந்தாலும் லீவு போடுகிற நாளில் காலையிலேயே போன் வரும்.

"இன்னிக்கு லீவும்மா. நின்னுட்டேன்னு நினைச்சிடாத."