ஒரு மீட்டர் வண்ணத்துப்பூச்சி

செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்ததும் டெய்லரின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. சூடு உறைக்கவே இல்லை.

பாதிப் பக்கத்துக்கு அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு, முகம் கொள்ளாத சிரிப்பு. கையில் பிடித்த கொக்கியில் ஒரு பச்சை விரியன் தொங்கிக்கொண்டிருந்தது. 'மழைக்காட்டுப் பாம்புகளைக் கணக்கெடுக்கும் இளம் விஞ்ஞானி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

"எவ்வளவு அழகா இருக்கா பாருங்க!" என்றாள் மனைவி. பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய் அந்தப் பேப்பரை வாங்கி வந்தவள் அவள்தான்.

"அழகாத்தான் இருக்கா. கையில இருக்கறதைப் பாரு. மாட்டிக்கிட்டோம்!"

"நாமளா? பூச்சின்னு புளுகினது நீங்க. என்னைச் சேக்காதீங்க."

அதுவும் உண்மைதான். போன வருஷம் ஆராய்ச்சிக் குழுவுக்குப் பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. அவர்கள் பொதுமக்களிடமே உதவி கேட்டு அறிக்கை விட்டார்கள். பிடித்த பாம்பை அளந்து, எடை பார்த்து, அதே மரத்தடியில் திரும்ப விடும்வரை வைத்திருக்கத் துணிப்பை வேண்டும், நூற்றுக்கணக்கில் வேண்டும். "உங்க கடையிலேயே வாங்கி வைங்கப்பா" என்றாள் மகள். பாம்பு என்று எழுதினால், அவர் குடியிருந்து கடையும் போட்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் கடைவாசலை மிதிப்பார்கள்? டெய்லர் யோசித்து, 'வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சிக்குத் துணிப்பை தந்து உதவுங்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

பை வந்து குவிந்தது. இரண்டாம் மாடி கணக்கு டீச்சர் மட்டும் ஒருமுறை கேட்டார்.

"ஏன் டெய்லர், வண்ணத்துப்பூச்சிக்கு எதுக்கு ஒரு மீட்டர் நீளத்துல பை?"

"அந்தக் காட்டுல பூச்சி கொஞ்சம் நீளம், டீச்சர்."

டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பன்னிரண்டு பை தைத்துக் கொண்டுவந்தார். எல்லாம் இரட்டைத் தையல்.

அடுத்த வாரம் மழைக்காலக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. இன்னும் ஐம்பது பை வரவேண்டும். இந்த நேரம் பார்த்தா இந்தப் படம் வரவேண்டும்?

ஈரச் சட்டையோடு தெருமுனைக் கடைக்கு ஓடினார். "இன்னிக்குப் பேப்பர் எத்தனை இருக்கோ அத்தனையும் குடுங்க."

"ஒண்ணுகூட இல்லையே. கடை திறக்கும்போதே மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாங்க. உங்க பில்டிங் ஆளுங்கதான்."

வீட்டுக்கு வீடு படித்துக்கொண்டிருக்கிறார்கள்!

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வாசிப்பு அறை உண்டு. அங்கே கிடக்கும் பேப்பரையாவது ஒளித்துவிடலாம் என்று நுழைந்தார். பேப்பர் இருந்தது. மூன்றாம் பக்கம் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டியிருந்தார்கள். முப்பது வருஷம் துணி வெட்டியவருக்கே பொறாமை வரும் வெட்டு.

'ஆதாரத்துக்கு எடுத்து வச்சுட்டாங்க' என்று முணுமுணுத்தபடி கடையைத் திறந்தார்.

பத்து மணிக்கு டீச்சர் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் டெய்லர் முந்திக்கொண்டார். "டீச்சர், ஒரு சேதி தெரியுமா? பொண்ணு இருக்கற காட்டுல பாம்பே கிடையாதாம். ஒண்ணுகூட இல்லையாம்!"

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, பெரிய பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், நான்கு ஜோடி. "எங்க ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் சேர்ந்து வாங்கினோம். பாப்பாவுக்கு அனுப்பிடுங்க. நல்ல தடிமன்."

"பூச்சிக்கு எதுக்கு டீச்சர் பூட்ஸு?" வாய் தவறிவிட்டது அவருக்கு.

"அது... சேறு. சேறு இருக்கும்ல?" டீச்சர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குத்திக் காட்டுகிறார் என்று டெய்லர் முடிவுகட்டினார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த படத்தை மேஜைக்கடியில் பிரித்துப் பார்த்தார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. நடுத்தெருவில் நின்று 'இது எம்பொண்ணு' என்று கத்தவேண்டும் போலிருந்தது. தொண்டைக்குள்ளேயே அதை முழுங்கினார்.

மாலை ஐந்தரைக்கு மகள் ஃபோனில் கூவினாள். "அப்பா! ஆறு மணிக்கு டிவில என் பேட்டி! பாம்பு பிடிக்கறதை அப்படியே காட்டறாங்க! எல்லார்கிட்டயும் சொல்லுங்க!"

"சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் நேராகக் குடியிருப்பின் கரண்ட் அறைக்குப் போனார். மகளை டிவியில் பார்க்க அவருக்கும் கொள்ளை ஆசைதான். ஆனால் அவளுக்கு ஐம்பது பை வேண்டுமே.

அறைக்குள் வாட்ச்மேன் டார்ச்சோடு மீட்டர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரைக் கண்டதும் துள்ளி விழுந்தார்.

"இங்க என்ன பண்றே?"

"ஒ... ஒண்ணுமில்லண்ணே. எலி."

"தள்ளு." டெய்லர் மெயின் சுவிட்சை இழுத்தார். மொத்தக் கட்டடமும் இருண்டது.

"ஐயோ, என்னண்ணே மொத்தத்தையும் அணைச்சுட்டீங்க!" என்று அலறினார் வாட்ச்மேன்.

மாடி மாடியாகக் கூச்சல் கிளம்பியது. படிக்கட்டில் தடதடவென்று கால்கள். நிமிஷத்தில் அறைவாசல் முழுக்க ஆட்கள். முன்னால் டீச்சர், பின்னால் டெய்லரின் மனைவி. எல்லா டார்ச் வெளிச்சமும் சுவிட்சில் இருந்த அவர் கைமேல் விழுந்தது.

இனி எங்கே ஓடுவது? டெய்லர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா! நான் பொய் சொன்னேன். பூச்சி இல்ல, பாம்பு! எம்பொண்ணு பாம்பு பிடிக்கிறா. காட்டோரத்து ஜனங்களை எது கடிக்குது, எது கடிக்காது, எதுக்கு என்ன மருந்துன்னு எழுதி வைக்கிறா. பாம்பைக் கண்டா எனக்குக் கைகால் உதறும். அவளுக்கு உதறாது. இனிமே பை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. ராத்திரி பகலா நானே உக்காந்து தைப்பேன். எம்பொண்ணு பண்றதை இனி நான் மறைக்கமாட்டேன்!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன்தான் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "அட போங்கண்ணே! பாம்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க பயந்துபோய்ப் பாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுருவீங்கன்னுதானே, நாற்பது வீட்டுக்காரங்களும் ஒரு வருஷமா பூச்சி பூச்சின்னு தலையாட்டிக்கிட்டிருக்கோம். இப்பகூட அந்த டிவிப் பேட்டியை நீங்க பாத்துடக்கூடாதுன்னு, உங்க வீட்டுக் கரண்டை மட்டும் அணைச்சுட்டு வரச்சொல்லித்தான் டீச்சரம்மா என்னை அனுப்பினாங்க!"